ஓடக்காரிக்கு என்ன கிடைக்கும்

உப்பு என்று வைத்துப் பார்க்கலாம். அவன் நாக்கில் இனி உப்பு படக்கூடாது, பட்டால் வாயெல்லாம் கொப்புளம், அதற்குப் பதிலாக எந்தத் தண்ணீரிலும் அவன் மூழ்க மாட்டான், ஆறு அவனைக் கட்டை மாதிரி மேலே தூக்கிப் போட்டுவிடும். எடுத்தது ஒன்று, கொடுத்தது ஒன்று. சாபம் என்றால் இரண்டு தட்டும் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும், இல்லையென்றால் ஆடுகிறவன் சலித்துப்போய் எழுந்து போய்விடுவான், இதை நான்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், பெரிய வாத்தியார் மாதிரி. உப்பு, சரி, ஆனால் எழுதி முடிப்பதற்குள் கண் பக்கத்தில் படுத்திருக்கிறவளிடம் போய்விடுகிறது. இது இவளுக்கு வந்தால்? உப்பில்லாத சோறு, உப்பில்லாத ரசம், பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் மாங்காய்க் கீற்றை உப்பு மிளகாய்ப்பொடியில் தொட்டுத் தின்ன இவள் சும்மா தின்பாள், பரவாயில்லை, தின்றுவிட்டு ஓடிப்போவாள், இது தாங்கும். தாங்கும் என்றதும் மூச்சு கொஞ்சம் இறங்குகிறது, இறங்கியதும் கோபம் வருகிறது, முதலில் யார்மேல் என்று தெரியாமல், பிறகு எல்லார்மேலும். மூன்று மாதக் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஹாலில், தரையில், ராத்திரி விளக்கின் பச்சை வெளிச்சத்தில், விளையாட்டில் வருகிற ஒரு திருடனுக்குச் சாபம் எழுதி, ஒவ்வொரு சாபத்தையும் என் பிள்ளைமேல் வைத்து அளவு பார்க்கிறேன், ஜவுளிக்கடையில் சட்டையை முதுகில் வைத்துப் பார்க்கிற மாதிரி. விடிந்தால் இவளுக்குக் காது டெஸ்ட். அதற்குள் அந்தத் திருடனாக ஆடுகிற ஹாரூன் பழைய சாபத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அவன் விடமாட்டேன் என்கிறான். உப்பைப் போனில் அனுப்பினேன், பதில் வந்துவிட்டது. "அக்கா, இது சாபமா, பிரஷர் டாக்டர் சொன்ன டயட்டா?"

சிரிப்பு வந்தது, அதுதான் எரிச்சல். போன வருஷம் இந்நேரம் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பேன். உக்கடத்தில் ஹாரூனின் அத்தா வைத்திருக்கிற மோட்டார் ரீவைண்டிங் கடை, அதன் மாடி ரூம், தாமிரக் கம்பி வாசமும் வார்னிஷ் வாசமும், நடுவில் ஒரு பழைய இரும்பு மேசை, அதைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர். பலகை கிடையாது, காய் கிடையாது. நான் கதை சொல்வேன், மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக அதற்குள் இருப்பார்கள், நீ கதவைத் திறக்கிறாயா ஓடுகிறாயா என்று கேட்பேன், திறக்கிறேன் என்றால் டைஸ் உருட்ட வேண்டும், விழுகிற எண் சொல்லும் கதவுக்குப் பின்னால் உனக்கு என்ன ஆச்சு என்று. நான் கட்டிய உலகம் ஒரு ஆறு. ஹாரூன் அதில் கொக்கி என்கிற திருடன், கரையிலிருந்து கொக்கி வீசிப் படகுகளில் மூட்டை தூக்குகிறவன். ஒரு நாள் அவன் ஓடக்காரி ஒருத்தியிடம் அக்கரை வரை கூட வருவேன், துடுப்புப் போடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டு, பாதியில் மூட்டையோடு குதித்துப் போனான். மேசையே கைதட்டியது. நான் ஓடக்காரியாக எழுந்து நின்றேன், ஏழு மாத வயிறு மேசையில் இடிக்க, கையை நீட்டிச் சொன்னேன், இனி உன் பேரை யார் கூப்பிட்டாலும் உன் காதில் விழாது. சொல்லிவிட்டு உட்கார்ந்து எடையைச் சரிபார்த்தேன். கூட இருக்கிறவர்கள் கொக்கி குனி என்று கத்தினால் குனிய மாட்டான், அடி வாங்குவான். ஆனால் என் ஆற்றில் பேய்கள் ஆளைப் பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டுத்தான் தண்ணீருக்குள் இழுக்கும், அவை இனி கொக்கியை ஒன்றும் செய்ய முடியாது. அப்பேர்ப்பட்ட சமநிலை. நான் வைத்ததிலேயே அழகான சாபம் அது, எனக்கே தெரியும். அதற்குப் பிறகு அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் எல்லாரும் பொரியை எடுத்து அவன்மேல் வீசுவார்கள். டீக்கடையில்கூடக் கொக்கி என்றால் திரும்பமாட்டான் படுபாவி, பஸ் ஏறுகிற வரை அப்படியே நடிப்பான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வயிற்றுக்குள்ளிருந்து இவள் உதைத்தாள். கேட்டிருந்தாளா அப்போது? கேட்கும் என்கிறார்கள், உள்ளே எல்லாம் கேட்கும் என்கிறார்கள், அப்படியென்றால் அவள் கேட்ட கடைசிச் சத்தம் அதுவா, நிறுத்து, இதை யோசிக்காதே, உப்பு இல்லை என்றால் வேறு.

ஒரு கால் நொண்டி, பதிலுக்கு அவன் நடந்தால் சத்தமே வராது. இல்லை, கால் வேண்டாம், இவள் காலைத் தொடமாட்டேன். பிறந்த மறுநாளே காதுக்குள் ஒரு சின்ன ரப்பர் மூக்கை வைத்துப் பார்த்தார்கள், அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு, மெஷினைப் பார்த்தாள், வலது பக்கம் ரெஃபர் என்றாள். ரெஃபர் என்றால்? ஒண்ணுமில்லைங்க மேடம், காதுல தண்ணி இருக்கும், நெறையப் பேருக்கு வரும். ஒரு மாதம் கழித்து இரண்டு பக்கமும் ரெஃபர். பாஸ் என்றால் பாஸ் என்கிறார்கள், ஃபெயில் என்றால் மட்டும் ரெஃபர். நடுவில் பேர் வைத்தார்கள். மடியில் போட்டு, வெற்றிலையைக் குவித்துக் காதோரம் வைத்து, இவர் குனிந்து நிறைமதி, நிறைமதி, நிறைமதி என்று மூன்று முறை சொன்னார், வலது காதில். நான் வலது காது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், இடது பக்கம் சொல்லுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது, சொந்தக்காரர்கள் நாற்பது பேர், ஐயர் கூட இல்லை, சும்மா ஒரு வாக்கியம், சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பேர் இன்னும் அவள் காது வாசலிலேயே நிற்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு, செருப்பைக் கழற்றிவிட்டு, பெல்லை அடித்துவிட்டு, யாராவது வந்து திறப்பார்கள் என்று. நான் முதல் மாதமே சொன்னேன். குக்கர் விசில் அடிக்கிறது, இவள் இமைகூட ஆடவில்லை என்று சொன்னேன். அத்தை சொன்னார், மொதக் கொழந்தைல்ல கண்ணு, அப்படித்தான் நீயா ஏதாச்சும் நெனச்சுக்குவே. இவர் சொன்னார், சிந்து, நெட்ல கண்டதைப் படிக்காதே. டாக்டரம்மா சொன்னார், அம்மா நல்லாத் தூங்குறீங்களா? காது நரம்பைப் பார்க்கிற பெரா டெஸ்ட் எழுதிக் கொடுத்தபோது அத்தை நர்சிடம் சொன்னது இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்க பக்கம் யாருக்கும் அப்படியெல்லாம் கெடையாதுங்க. இவதான் மாசமா இருக்கறப்ப பேய்த் தாயம் உருட்டிட்டுத் திரிஞ்சா. நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு துண்டைக் கடித்தேன், ஏனென்றால் அத்தை சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், அட்சரம் பிசகாமல். உலகத்தில் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத நானும் என் மாமியாரும் இந்த ஒன்றில் ஒரே கட்சி, இந்தக் கேவலத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல.

பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம். காது கேட்பதற்கு உள்ளே எத்தனை எலும்பு, எந்த நரம்பு, எல்லாம் படம் போட்டுப் பாகம் குறித்தவள். திண்டுக்கல்லில் எங்கள் ஸ்கூலில் சிஸ்டர் பிபியானா என்று ஒருவர் இருந்தார், அவருக்குப் படம் அழகாக இருக்க வேண்டும், பென்சில் கோடு தடித்தால் பக்கத்தையே கிழிப்பார். ஆனால் படம் ஒருபுறம் இருக்க, அவர்தான் எனக்குள் இதை வைத்தார், இந்த முள்ளை. யாராவது யாரையாவது செத்துப்போ, நாசமாப் போ என்று திட்டினால் அடிக்கமாட்டார், முட்டி போட வைக்கமாட்டார். திட்டினவள் திட்டு வாங்கினவள் முன்னால் போய் உள்ளங்கையை நீட்டி நிற்க வேண்டும். சொன்ன வார்த்தையைத் திரும்பக் கொடு என்று கேட்க வேண்டும். மற்றவள் மூடிய கையைக் கொண்டுவந்து அந்த உள்ளங்கையில் திறக்க வேண்டும், சும்மா காற்று, ஆனால் திட்டினவள் அதைக் கொண்டுபோய் வாஷ்பேசினில் கை கழுவ வேண்டும். கிளாஸே கப்சிப்பென்று பார்க்கும். ஒருமுறை பிலோமினா சகுந்தலாவை உன் நாக்கு அழுகட்டும் என்றாள், டிபன் பாக்ஸ் தகராறு. கேட்கப் போனபோது சகுந்தலா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தரமாட்டேன் சிஸ்டர். எனக்கு வேணும், நானே வெச்சுக்கறேன். சிஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவர் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஒரு வாரம் பிலோமினா சாப்பிடும்போதெல்லாம் சகுந்தலாவின் வாயைப் பார்த்தாள், நாக்கை நீட்டுடி, காட்டுடி என்று கெஞ்சினாள். சகுந்தலா வாயை இறுக மூடிக்கொண்டு சிரித்தாள். ஹாரூனும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறான் இப்போது, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கீழே கடையில்.

கோடை, போர்வெல் மோட்டாராக எரிந்து எரிந்து வருகிறது, தோட்டத்துக்காரர்கள் காலையில் வந்து நிற்பார்கள், ராத்திரியெல்லாம் தாமிரக் கம்பியில் காயில் சுற்றுகிறான். ஒரு சுற்றுக்கு ஒரு மெசேஜ். என் மேசையின் சட்டத்தையே எனக்குத் திருப்பிச் சொல்கிறான். "மேசையில விழுந்தது விழுந்ததுதான்னு யாரு சொன்னது? மாத்தணும்னா அந்த ஆளு ஒத்துக்கணும்னு யாரு சொன்னது?" நான்தான் சொன்னேன். நடத்துகிறவள் கையில் எல்லாம் இருக்கிறது, இஷ்டத்துக்கு மாற்றுகிறாள் என்று ஒரு சண்டை வந்தபோது ரோஷத்தில் நானே போட்ட சட்டம். "அக்கா, இந்தச் சாபத்துக்கு முன்னாடி கொக்கி சும்மா ஒரு திருடன்க்கா. இப்பத்தான் அவன் ஆளு. எல்லாரும் மறந்தாலும் என் பேரு எனக்கே கேக்காதுன்னு ஒருத்தன் ஆத்தங்கரைல உக்காந்திருக்கான் பாருங்க, அது என்னோடதுக்கா. எடுக்காதீங்க." அழகாகச் சொல்கிறான், போன் ஸ்கிரீனை உடைக்கலாம் போல இருக்கிறது. காரணத்தைச் சொன்னால் அடுத்த நொடி கொடுத்துவிடுவான், எனக்குத் தெரியும். ஐயோ அக்கா, பாப்பாவுக்கா, எடுத்துக்கங்க, எல்லாத்தையும் எடுத்துக்கங்க என்று அழுதாலும் அழுவான். அதனால்தான் சொல்லவில்லை. சொன்னால் இது உண்மை என்று ஆகிவிடும். ஒரு பட்டதாரிப் பெண் டைஸ் உருட்டித் தன் குழந்தையின் காதை அடைத்துவிட்டாள் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. அதோடு பரிதாபப்பட்டுக் கொடுத்தால் அது எண்ணிக்கையில் வராது. எந்த எண்ணிக்கை, யார் எண்ணுகிறார்கள், எனக்குத் தெரியாது, ஆனால் வராது. சகுந்தலா கை தானாகத் திறக்க வேண்டும். ஆகவே வியாபாரம் பேசுகிறேன், கடைக்காரி மாதிரி, இது வேண்டாமா, இதைப் பார், இது புது டிசைன். இருட்டினால் முகங்கள் மறந்துபோகும், பதிலுக்கு இருட்டில் பூட்டுகள் தானாகத் திறக்கும். எழுதிவிட்டு இவளைப் பார்க்கிறேன். ராத்திரி பாலுக்கு எழுவாள், என் முகம் தெரியாது, யாரோ ஒருத்தி தூக்குகிறாள் என்று அலறுவாள். அழித்தேன். கையில் பிடித்த பொருள் எல்லாம் ஒரு நாளில் துருப்பிடிக்கும், பதிலுக்குக் கைவிலங்கும் துருப்பிடித்து உடையும். இவள் கையில் துரு, ஊசி, டெட்டனஸ், அழித்தேன். முட்டாளே, மூன்று மாதக் குழந்தைக்கு எதற்கு விலங்கு.

பிறகு இது வந்தது, தானாக வந்தது, விரல் எழுதிவிட்டது, யோசிப்பதற்குள் அனுப்பியும் விட்டேன். இனி கொக்கி உண்மை சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பொய் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அந்தப் பக்கமிருந்து வரிசையாக வந்து விழுந்தது. "அக்கா." "அக்கா!" "இது வேற லெவல்." "இதுக்குப் பழசைத் தர்றேன். எடுத்துக்கங்க. இப்பவே." கை திறந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உண்மையாகவே உள்ளங்கை நீண்டது, போனை வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவலாம் என்று முட்டியை ஊன்றினேன், அப்போது இவள் தூக்கத்தில் உதட்டைச் சுழித்தாள், கனவில் பால் குடிக்கிறாளோ என்னவோ. இது இவளுக்கு வந்தால்? பத்து வயதில் வந்து அம்மா அந்த மாமா என்னை என்று சொல்வாள், யாரும் நம்பமாட்டார்கள். பதினைந்தில் வயிறு வலிக்கிறது என்பாள், ஸ்கூலுக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்பார்கள். இருபத்தேழில் குக்கர் விசிலுக்குக் குழந்தை திரும்பவில்லை என்பாள். அம்மா நல்லாத் தூங்குறீங்களா என்று கேட்பார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன், ஏனென்றால் இந்தச் சாபத்தை நான் எங்கேயும் போய்க் கண்டுபிடிக்கவில்லை, மேலே போட்டிருக்கிற நைட்டியைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி கழற்றிக் கொடுத்திருக்கிறேன். ஹாரூனுக்கு அது ஜாலி. அவன் ஆண்பிள்ளை, அவனுக்கு அது விளையாடிப் பார்க்க வேண்டிய சங்கதி. வேண்டாம், விட்டுடு, அது கிடையாது என்று அடித்தேன். "ஏன்க்கா? செமயா இருந்துச்சே." கிடையாதுன்னா கிடையாது. "நீங்க குடுத்துட்டுப் புடுங்குறீங்க." ஆமாம், புடுங்குகிறேன்.

ரூமில் ஃபேன் சத்தம். இவர் அங்கே, கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் ஃபவுண்டரியில் ஆடிட். குழந்தை அழுதால் தூக்கம் கெடும் என்று நான் ஹாலுக்கு வந்ததா, அனுப்பப்பட்டதா, இப்போது ஞாபகம் இல்லை, யாரும் சொல்லவில்லை, ஒரு நாள் பாய் இங்கே விரிந்திருந்தது. காலை நாலு மணிக்கு இவளை எழுப்பிவிட வேண்டும், அதன்பிறகு தூங்கவிடவே கூடாது, ஆட்டோவிலும் கூடாது, ஆஸ்பத்திரி போனதும் பால் கொடுத்தால் அசந்து தூங்குவாள், தூங்கும்போதுதான் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிச் சத்தத்தை அனுப்பிப் பார்ப்பார்கள், மூளை பதில் சொல்கிறதா என்று. நாலிலிருந்து பத்து வரை ஒரு சின்ன உயிரைத் தூங்கவிடாமல் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அதை நான் செய்ய வேண்டும். அம்மா கூட வருவாங்கல்ல, அப்புறமென்ன என்றார் இவர், சாப்பிட்டுக்கொண்டே, ரசத்தைப் பிசைந்துகொண்டே. ஒண்ணும் இருக்காது சிந்து. அந்த இருட்டு ரூமில், அந்தப் பெண் மெஷினைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வாளே, அப்போது என் பக்கத்தில் யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தால் அத்தையின் முகம் வருகிறது. எங்க பக்கம் யாருக்கும் கெடையாதுங்க. அந்த வாக்கியத்தோடு ஆட்டோவில் திரும்பி வர வேண்டும். எனக்குப் பயம் காதைப் பற்றி மட்டும்தானா என்று பார்க்கிறேன். காது கேட்கவில்லை என்றால் மெஷின் வைப்பார்கள், ஆபரேஷன் இருக்கிறது, கையால் பேசுகிறார்கள், பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன், இரண்டு பெண்கள் கையாலேயே யாரையோ கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருந்தார்கள், கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அது இல்லை. அந்த ரூமில் நான் தனியாக இருக்கப்போகிறேன் என்பதுதான். அதற்கு நான் ஆற்றையும் பேயையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். எவ்வளவு நேரம், எவ்வளவு மூளை. அதற்காக என்னை அறைந்துகொள்ளலாம். இருந்தாலும் கை போனை விடவில்லை, பயமும் போகவில்லை, விளக்கம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று எந்த மடையன் சொன்னது.

சரி ஹாரூன், கேள். ஓடக்காரி சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். எடுத்துத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். இனி அவள் பேர் அவளுக்குத்தான் கேட்காது. உன் லாபம் உன்னிடமே இருக்கட்டும், பேய்கள் உன்னைத் தொடாது. உனக்கு நஷ்டமே இல்லை, சும்மா வருகிறது, ஒத்துக்கொள். அனுப்பிவிட்டு இவளைப் பார்க்கவில்லை, முதல் தடவையாக அளவு பார்க்கத் தேவையில்லை, இது எனக்கு. எவ்வளவு சுலபம் என்று தோன்றியது, முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். ஒரு சுற்று முடிந்தால்தான் பதில். காயில் சுற்றுகிறான். வந்தது. "அவளுக்கு என்ன கெடைக்கும்?"

"யாருக்கு?"

"ஓடக்காரிக்கு. எடுத்தா குடுக்கணும்ல. அவகிட்ட எடுக்கறீங்க, என்ன குடுக்கறீங்க?"

"அவ ஆட்டத்துல ஆடற ஆள் இல்ல ஹாரூன். நான் வெச்ச பொம்மை. அவளுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"அதெல்லாம் ஆகாதுக்கா. நான் ஒத்துக்க மாட்டேன். நான் பண்ண தப்புக்கு அவ தலையில போட்டுட்டு நான் ஜாலியா போறதா? தராசு எங்க? நீங்கதான் சொல்வீங்க, ஒரு பக்கம் மட்டும் எறங்குனா அது சாபம் இல்ல, சும்மா கொடுமைன்னு."

இவ்வளவு நேரம் பேய்க்கும் திருடனுக்கும் பூட்டுக்கும் தோன்றியது எனக்கு. ஓடக்காரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மண்டை காலியாக இருக்கிறது. பொன் கொடுக்கலாமா, அவளுக்கு எதற்கு. இன்னொரு ஓடம் கொடுக்கலாமா, இரண்டையும் அவளே ஓட்டுவாளா. பொறுமை கொடுக்கலாம் என்று ஒரு குரல், கான்வென்ட் குரல், வெள்ளையாக, கஞ்சி போட்ட மாதிரி. பொறுமையைத் தூக்கி ஆற்றில் போடு. அவள் அங்கே நடு ஆற்றில் உட்கார்ந்திருக்கிறாள், வருகிறேன் என்று சொன்னவன் குதித்துப் போய்விட்டான், ஒரு துடுப்பு ஆள் இல்லாமல் தண்ணீரில் இழுபடுகிறது, ஒரு பக்கமே வலித்தால் ஓடம் சுற்றிச் சுற்றி நின்ற இடத்திலேயே வரும், அவளுக்கு வந்த கோபத்தில்தான் அந்த வார்த்தை வந்தது, அது வெறுமனே வாயில் வந்ததில்லை, அவனைத்தான் கேட்டாள், வா என்றுதான் கேட்டாள். எழுதினேன். இனி அந்த ஓடம் அவள் ஒருத்தியால் நகராது. வருவேன் என்று சொன்னவன் ஏறி உட்கார்ந்து மறு துடுப்பைப் பிடித்தால்தான் நகரும். அதுதான் அவளுக்குக் கிடைப்பது.

"நான் வரலேன்னா?"

"ஓடம் நடு ஆத்துல நிக்கும். ரெண்டு கரையும் பாத்துட்டு இருக்கும். யாரும் அக்கரை போக முடியாது. வேற யாரை அனுப்புனாலும் நகராது."

"யப்பா. அக்கா, நீங்க இன்னிக்கி யாரு மேலயோ செம கோவத்துல இருக்கீங்க."

"ஆமா."

"சரி. ஒத்துக்கிட்டேன். ஆனா ஒண்ணு எழுதிக்கங்க, கொக்கிக்குத் துடுப்புப் போடத் தெரியாது."

"கத்துக்கட்டும்."

முடிந்தது. மேசையில் விழுந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை, ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி நின்றது, அவ்வளவுதான். இவள் காதில் என்ன இருக்கிறதோ அது இருந்தபடியே இருக்கும், அதுவும் தெரிகிறது, அதற்காக எழுதியதை அழிக்கவும் மனமில்லை. இவளைத் தூக்கினேன், துணியோடு சுருட்டி, சூடாக, கழுத்து மடிய. ரூம் கதவை முட்டியால் தள்ளினேன். லைட்டைப் போட்டேன். இவர் கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னாச்சு? காய்ச்சலா?"

"காலைல நீங்க வர்றீங்க."

"எங்க? டெஸ்ட்டுக்கா? சிந்து, அம்மாதான் வர்றாங்கல்ல. எனக்கு ஆடிட்டுன்னு சொன்னேன்ல கண்ணு."

"ஆடிட்டுக்கு அத்தைய அனுப்புங்க. காதுக்கு நீங்க வாங்க."

எழுந்து உட்கார்ந்தார். தலைமுடி ஒரு பக்கம் நட்டுக்கொண்டு நிற்கிறது. நான் இந்த வீட்டில் இப்படிப் பேசியதில்லை, என் குரல் எனக்கே பக்கத்து வீட்டுக்காரி குரல் மாதிரி இருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, நீயா எதையாச்சும்..."

"ஒண்ணும் இருக்காதுன்னா வந்து உக்காந்து அந்த ஒண்ணுமில்லாததைப் பாருங்க. நான் மட்டும் எதுக்குப் பாக்கணும்? கூட வருவேன்னு நீங்க சொல்லித்தானே பெத்தோம்? பேர நீங்கதானே காதுல சொன்னீங்க? போய்ச் சேந்துச்சான்னு நீங்கதான் வந்து கேக்கணும். நான் ஒருத்தியா போகமாட்டேன். நீங்க வரலேன்னா நாங்க போகல. அப்பாயின்ட்மென்ட் போனா போகட்டும்."

அடுத்த ரூமிலிருந்து அத்தை, "ஏங்கண்ணு, என்ன சத்தம் அங்க? மணி என்ன?" என்றார். ஒண்ணுமில்லைங்கத்தை என்று எப்போதும் சொல்வேன். சொல்லவில்லை. இவர் சொல்வாரோ என்று பார்த்தேன், இவரும் சொல்லவில்லை. போனை எடுத்தார், கீழே வைத்தார், என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், அதிக நேரம் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "பாப்பாவ எத்தனை மணிக்கு எழுப்பணும்?"

நாலு என்றேன். நாலிலிருந்து ஏழு உங்க முறை என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன், நர்ஸ் சிரித்ததை, நான் சிரித்ததை, விசிலை, பாத்ரூம் துண்டை, ஓடக்காரியைக்கூட, கோர்வையில்லாமல், மூச்சு விடாமல், கோபம் தீரவில்லை, சொல்லச் சொல்ல ஊறியது. நடுவில் கையில் ஏதோ அசைவு. குனிந்தால் இவள் விழித்திருக்கிறாள். லைட் கண்ணில் பட்டிருக்கும். அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், உதடு எங்கே போனாலும் கண் கூடவே போகிறது. நான் பேச்சை நிறுத்தினேன். அப்போதும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லு, அப்புறம் என்கிற மாதிரி.